பெயர் முதலில் வந்தது

கல்யாணத்தன்றே என் பெயரைக் கழற்றி
வேறொன்றை மாட்டிவிட்டார் மாமியார்.
மாதெபெல்லோ.
தெபெல்லோவின் அம்மா.
போர்வையைத் தோளில் சேர்த்து ஊசி குத்தியபடியே சொன்னார்,
ஆணென்றாலும் பெண்ணென்றாலும் இந்தப் பெயர் ஒத்துப்போகும் என்று.
எங்கள் செசோத்தோவில் அதற்கு
எதிர்பார்ப்பு என்று பொருள்.

நான்கு வருடம்
அந்தப் பெயரில் கடன் வாங்கினேன்,
மாவு மில் வரிசையில் நின்றேன்.
மாதெபெல்லோ, உப்பு இருக்கிறதா?
மாதெபெல்லோ, உன் நாயைக் கட்டிப்போடு.
இல்லாத ஒருவரின் அம்மாவாக
ஒவ்வொரு முறையும் திரும்பிப் பார்த்தேன்.

இப்போது முப்பத்தாறு வாரம்.
கணவாயைப் பனி மூடுவதற்குள் வந்துவிடு என்றார்கள்.
ஒரு குதிரை, ஒரு லாரி, மிச்சத்துக்கு நடை.
மொகோட்லோங் மலைமேல் மருத்துவமனை,
அதன் பின்புறம்
நிறைமாதக்காரிகள் காத்திருக்கும் வீடு.
ஆறு கட்டில், ஒரு மண்ணெண்ணெய் அடுப்பு.
பதிவேட்டில் என் பெயரை எழுதியவள் சிரித்தாள்:
சரியான வீட்டுக்குத்தான் வந்திருக்கிறாய்.

பையில் இரண்டு போர்வை, பச்சை சோப்பு,
பிளாஸ்டிக் தொட்டி, சர்க்கரை, மெழுகுவர்த்தி.
செம்மறிகளுக்கு ரோமம் கத்தரித்த கூலியில்
மோகேலே வாங்கித் தந்த குழந்தைத் தொப்பி.
போட்டுப் பார்த்தேன்.
எனக்கே சரியாக இருந்தது.

நர்ஸ் லிகெலேலி மரக்குழலை வயிற்றில் ஊன்றி
மறுமுனையில் காதை வைத்து
கண்ணை மூடிக்கொள்கிறாள்.
அந்த நேரம் நான் மூச்சுவிடலாமா என்று தெரியவில்லை.
"தலை கீழே வந்துவிட்டது."

போன மாதம் விலா எலும்புக்கடியில்
ஜன்னலோர இருக்கையை விட்டுத்தராத பயணிபோல
நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது.
எந்த இரவில் திரும்பியது?
எனக்குச் சொல்லவே இல்லை.

நாடாவால் அளந்துகொண்டே பேசுகிறாள்:
நகம் விரல்நுனியைத் தொட்டிருக்கும்.
மேலெல்லாம் இருந்த பூனைமுடி உதிர்ந்துகொண்டிருக்கும்.
காற்றில்லாத இடத்தில்
நீரை இழுத்து நீரை விட்டு
மூச்சு பழகுகிறது.
உன் ரத்தத்து இரும்பை எடுத்துத்
தன் ஈரலில் சேர்த்துவைக்கிறது,
அதனால்தான் மேட்டில் ஏறினால் இளைக்கிறாய்.
மண்டை எலும்புகள் மட்டும் இன்னும் ஒட்டவில்லை,
வரும் வழியில் கொஞ்சம் ஒடுங்க வேண்டுமே.

அத்தனையும் அதற்குத் தெரிந்திருக்கிறது.
நான் இன்னும் மூச்சை எப்படி விடுவது என்று
சுவரில் ஒட்டிய படத்தைப் பார்த்துப் படிக்கிறேன்.

மூலைக் கட்டில் மாபொன்சோவுக்கு இது மூன்றாவது.
பொய்வலிக்கும் மெய்வலிக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டேன்.
"மெய்வலி வந்தால் யாரிடமும் கேட்கத் தோன்றாது" என்றாள்.
இரவு இரண்டு மணிக்கு எழுந்து
யாரிடமும் எதுவும் கேட்காமல்
சுவரைப் பிடித்துக்கொண்டு போனாள்.
அவள் வைத்த சோளக்களி அடுப்பிலேயே இருந்தது.
அடிபிடிக்காமல் நான்தான் கிளறினேன்.
விடியும்போது மதிலுக்கு அப்பால் ஓர் அழுகை,
சின்னது, கோபமானது.
நாங்கள் ஐந்து பேரும்
கரண்டியைக் கீழே வைத்தோம்.

இன்று சாயங்காலம் பனி விழத் தொடங்கிவிட்டது.
எனக்குள்ளே விக்கல்,
இடப்பக்கம், தினமும் இதே நேரம்.
டார்ச்சை வயிற்றில் வைத்து அழுத்துகிறேன்.
அசைகிறது.
வெளிச்சத்தை நோக்கியா, வெளிச்சம் பிடிக்காமலா?

நான்கு வருடம் உன் பெயரால் என்னைக் கூப்பிட்டார்கள்.
நான் உன்னை ஒருமுறைகூடக் கூப்பிட்டதில்லை.
கூப்பிட்டால் வராமல் போய்விடுவாயோ என்று பயம்.

முன்னாலிருக்கும் மாவை மட்டும் விட்டுவிட்டு
மெல்லச் சொல்லிப் பார்க்கிறேன்:
தெபெல்லோ.

பக்கத்துக் கட்டில் பெண் தலையைத் தூக்குகிறாள்.
"உன்னை நீயேவா கூப்பிட்டுக்கொள்கிறாய்?"

பதில் சொல்வதற்குள்
வயிறு கல்லாக இறுகுகிறது.
பொய்யா, மெய்யா.
அவளிடம் கேட்கத்தான் தோன்றுகிறது,
அப்படியென்றால் பொய்தான்.

விக்கல் நின்றுவிட்டது.
அடுப்பில் தண்ணீர் கொதிக்கிறது.
யாராவது எழுந்து போய் இறக்கட்டும்.